கண்ணாடித் தொட்டியில் குளம் கண்டவர்

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு ஒரு நிமிடமாவது நின்றிராதவர் நம்மில் எவரும் இரார். வீட்டுக் கூடங்களிலும் கடைகளின் முகப்பிலும் இப்போது அவை சாதாரணமாகிவிட்டன. அத்தொட்டிகளில் ஒரு சிறு மின்பொறி ஓயாமல் காற்றுக் குமிழிகளை விட்டுக்கொண்டிருக்கும். மற்றொரு பொறி நீரை உறிஞ்சி, பஞ்சின் வழியே வடிகட்டித் திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் மீன்களின் கதி என்ன?

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் அறிவோம். அன்றைய இருட்டில் மின்பொறியை நம்பியிருந்த மீன்தொட்டிகள் எல்லாம் அபாயத்தில் இருந்தன. ஆனால் பக்கத்தில் உள்ள கழுவேலி ஏரியின் மீன்களுக்கு மின்பொறியும் இல்லை, வடிகட்டியும் இல்லை, வேளாவேளைக்குத் தீனி இடுவாரும் இல்லை. அவை எவ்வாறு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றன? ஏரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் அந்த இரகசியத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கொண்டுவர முடியுமா?

முடியும் என்று செய்து காட்டியவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கிலேயர். மீன்தொட்டியின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் மேலே செல்வதில்லை. ஆயினும் அவர் விலங்கியல் படித்தவர் அல்லர். அவர் தொழில் இரசாயனம்.

வாரிங்டன் 1807-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்துக் கடற்கரை ஊரான ஷியர்னெஸ்ஸில் பிறந்தார். தந்தை கப்பல்களுக்கு உணவுப் பொருள் வழங்கிய வணிகர். பதினைந்தாம் வயதில், அதாவது 1822-இல், கூப்பர் என்ற இரசாயன ஆசிரியரிடம் அவர் தொழில் பழகச் சேர்ந்தார். அக்காலத்தில் இரசாயனம் கற்க விரும்பும் பிள்ளை, நம் ஊரில் தச்சரிடமோ பொற்கொல்லரிடமோ சேர்ந்து பழகுவது போல, ஒருவரிடம் எடுபிடியாக இருந்துதான் கற்க வேண்டும். 1828-இல் லண்டனில் புதிய பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது அங்கே இரசாயனப் பேராசிரியருக்கு உதவியாளரானார். பிறகு சில ஆண்டுகள் ஒரு பெரிய மதுபான ஆலையில் இரசாயன வல்லுநராகப் பணி புரிந்தார். 1841-இல் லண்டனில் இரசாயனக் கழகம் தோன்றியதற்கு அவருடைய முயற்சியே முக்கியக் காரணம். பத்து ஆண்டுகள் அதன் செயலாளராகவும் இருந்தார்.

1842-இல் அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. லண்டன் மருந்தாளர் சங்கத்தின் மாளிகையில் தலைமை இரசாயன வல்லுநராகப் பொறுப்பேற்று, குடும்பத்துடன் அங்கேயே குடியேறினார். ஆங்கிலக் கடற்படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மருந்துகள் அந்த மாளிகையிலிருந்தே சென்றன. ஆகவே அந்நாளில் சென்னைக்குக் கப்பலில் வந்திறங்கிய மருந்துப் புட்டிகளில் சில அவருடைய மேற்பார்வையில் தயாரானவையாக இருக்கக் கூடும். கலப்படத்தைக் கண்டுபிடிப்பதிலும் அவர் வல்லவர். சீனத்திலிருந்து வந்த பச்சைத் தேயிலைக்கு நீலச்சாயமும் ஜிப்சமும் பூசி நிறம் ஏற்றியிருந்ததை 1844-இல் வெளிப்படுத்தினார். தேநீர்க் கோப்பையில் என்ன இருக்கிறது என்று கூர்ந்து பார்த்த அதே கண்தான் பின்னர் மீன்தொட்டியையும் பார்த்தது.

அவருக்கு முன்பே இத்துறையில் சில செய்திகள் தெரிந்திருந்தன. மூடிய ஜாடிக்குள் மெழுகுவர்த்தி எரிந்து கெடுத்த காற்றைப் புதினாச் செடி சீர்ப்படுத்துகிறது என்று 1771-இல் பிரீஸ்ட்லி கண்டார். அந்த வேலையைச் செடியின் பச்சைப் பாகம் வெயிலில் மட்டுமே செய்கிறது என்று 1779-இல் இங்கென்ஹவுஸ் காட்டினார். ஹைட்ரில்லாவைப் புனலால் மூடி, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து, குமிழிகளை எண்ணிய நம் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புச் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரிங்டனின் காலத்திலேயே லண்டனில் வார்டு என்னும் மருத்துவர், ஈரமண் இட்டு அடைத்த கண்ணாடிப் புட்டிக்குள் செடி நீர் ஊற்றாமலே வளர்வதைக் கண்டு கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். அத்தகைய பெட்டிகளில்தான் பின்னாளில் சின்கோனாக் கன்றுகள் கடல் கடந்து நம் நீலகிரிக்கு வந்தன.

காற்றில் நடப்பது நீரிலும் நடக்க வேண்டும் அல்லவா? மீன் பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. நீர்ச்செடி கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவை விடுகிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றும். காகிதத்தில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. 1849-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாரிங்டன் அதைச் சோதிக்கத் தொடங்கினார்.

பன்னிரண்டு காலன், அதாவது சுமார் ஐம்பத்து நான்கு லிட்டர் கொள்ளும் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். அடியில் மணலும் சேறும் இட்டார். மீன்கள் வெயிலுக்கு ஒதுங்க நிழல் வேண்டும் என்று கற்களை அடுக்கினார். பாதியளவு ஊற்று நீரை நிரப்பினார். வாலிஸ்நேரியாச் செடியைச் சேற்றில் நட்டார். நாடாவைப் போல நீண்ட இலைகளை உடைய இச்செடி நம் ஊர்க் குளங்களிலும் வளர்வதுதான். பிறகு இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. செடி வளர்ந்தது, மீன்களும் சுறுசுறுப்பாக இருந்தன. ஆனால் எந்தச் செடியிலும் பழைய இலை உதிரத்தானே செய்யும்? உதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின. நீர் கலங்கியது. கண்ணாடியின் உட்புறமும் நீரின் மேற்பரப்பும் பச்சை வழவழப்பால் மூடிக்கொண்டன. அப்படியே விட்டிருந்தால் அழுகல் பிராணவாயுவைத் தின்று தீர்த்திருக்கும். மீன்களும் மாண்டிருக்கும்.

இந்த இடத்தில் வேறொருவர் என்ன செய்திருப்பார்? நீரை மாற்றியிருப்பார், அல்லது கையை விட்டு அழுகிய இலைகளை அள்ளி எறிந்திருப்பார். வாரிங்டனோ, இயற்கைக் குளத்தில் இவ்வேலையை யார் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். குளத்தில் இலை உதிராமலா இருக்கிறது? அங்கே அதை அள்ளுவார் யார்? குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து அந்தப் பாத்திரத்தில் விட்டார்.

நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன. கண்ணாடியில் படிந்த பச்சையை மேய்ந்தன. சில நாட்களில் நீர் தெளிந்தது. அதோடு நிற்கவில்லை. நத்தைகள் ஏராளமாக முட்டையிட்டன. அந்த முட்டைகளும் குஞ்சுகளும் மீன்களுக்கு நல்ல உணவாயின. மீனின் கழிவு செடிக்கு எருவாயிற்று. செடியின் கழிவு நத்தைக்கு உணவாயிற்று. நத்தையின் குஞ்சு மீனுக்கு இரையாயிற்று. பாடப் புத்தகத்தில் உணவு வலை என்று நாம் படிப்பது அந்தக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் பின்னப்பட்டுவிட்டது.

1850-இல் இரசாயனக் கழகத்தின் ஏட்டில் இவற்றையெல்லாம் அவர் எழுதி வெளியிட்டார். மீனும் செடியும் போதும் என்று பலரும் எண்ணியிருக்க, இரண்டு போதாது, கழிவைத் தின்னும் மூன்றாவது உயிர் ஒன்று வேண்டும் என்று கூறியதே அவர் ஆராய்ச்சியின் உயிர்நிலை என்பது நம் கருத்து. அழகுக்காக மீனை வாங்குவோர் உண்டு, செடியை வாங்குவோரும் உண்டு. நத்தையை யார் விரும்பி வாங்குவார்? அது தானாக வந்துவிட்டாலும் பொறுக்கி வெளியே எறிகிறோம்.

இதே காலத்தில் வேறு சிலரும் இம்முயற்சியில் இருந்தார்கள். அவர்களில் இருவர் பெண்மணிகள் என்பதை நம் பள்ளி மலரில் சொல்லாமல் விடலாகாது. பிரான்சு தேசத்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்து, பாரிசில் தையல் வேலை செய்து, பின்னர் சிசிலித் தீவில் குடியேறிய ழான் வில்ப்ரே-பவர், 1832-இலேயே கடற்பிராணிகளை ஆராயக் கண்ணாடித் தொட்டிகள் அமைத்தார். ஆகவே தொட்டியைக் கண்ட பெருமை அவருக்கே உரியது. மற்றொருவர் லண்டனில் வாழ்ந்த ஆனா தைன். அவர் 1846-இல் கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளப் பிராணிகளைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக, திறந்த சன்னலின் முன்னே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு அந்நீரை நாள்தோறும் அரைமணிக்கும் மேலாக மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். ஊற்றியவள் வீட்டு வேலைக்காரப் பெண். இன்று மின்பொறி செய்யும் வேலையை அன்று அவள் கைகள் செய்தன. அவள் பெயரை மட்டும் வரலாறு குறித்து வைக்கவில்லை. பின்னர் தைன் அம்மையார் கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார்.

வாரிங்டனும் 1852-இல் கடல்நீருக்குத் திரும்பினார். லண்டனில் கடல் ஏது? சிப்பி கொண்டுவரும் படகுகளிலிருந்து கடல்நீரைப் பெற்றார். பலவகைப் பாசிகளைப் போட்டுப் பார்த்து, சிவப்பும் பழுப்புமானவற்றைவிடப் பச்சைக் கடற்பாசிகளே தொட்டிக்கு ஏற்றவை என்று தெளிந்தார். நம் கடற்கரைக் கற்களில் அலை பின்வாங்கும்போது மெல்லிய பச்சைத் தாள் போல ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த இனந்தான். குளத்து நத்தையின் வேலைக்குக் கடல் நத்தைகளை அமர்த்தினார்.

கடல்நீர்த் தொட்டியில் ஒரு புதிய தொல்லையும் வந்தது. நாளாக நாளாக நீர் ஆவியாகிக் குறைந்தது, ஆனால் உப்புக் குறையவில்லை. மிஞ்சிய நீர் மேலும் மேலும் கரித்தது. மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு இது புதுமையா என்ன! பாத்தியில் நீர் பாய்ச்சி, வெயிலில் காய விட்டு, உப்பு வாருகின்ற நம் பெற்றோர் நாள்தோறும் செய்வது இதைத்தான். உப்பளத்தில் நமக்கு வாழ்வு தரும் அதே ஆவியாதல் தொட்டியின் மீனுக்கு நஞ்சாகிறது. வாரிங்டன் நீர்மட்டத்தில் அடையாளமிட்டு, குறைந்த அளவுக்கு உப்பில்லாத நன்னீரையே ஊற்றி ஈடு செய்தார். கடல்நீரை ஊற்றி நிரப்பியிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போயிருக்கும்.

1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு காஸ் என்னும் இயற்கையறிஞர் எழுதிய நூலால் அக்வேரியம் என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. பணக்கார வீடுகளிலெல்லாம் தொட்டி வைப்பது நாகரிகமாயிற்று. ஆனால் பத்தாண்டுகளுக்குள் அந்த மோகம் தணிந்தது. மீன்களைக் கொள்ளாத அளவுக்கு வாங்கி நிறைத்தார்கள், தீனியை அள்ளிப் போட்டார்கள், நீர் நாறியதும் தொட்டியை மூலையில் போட்டார்கள். வாரிங்டன் வைத்தது இரண்டே மீன்கள் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை போலும்.

வாரிங்டன் 1864-இல் அரசவிஞ்ஞானக் கழகமாகிய ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1867-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் காலமானார்.

அவர் கண்ட வலையில் ஓர் இழை மட்டும் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. சிறிதளவு அமோனியாவே மீனைக் கொல்லப் போதும். நத்தை அதைத் தின்னாது. அப்படியானால் அந்தப் பாத்திரத்தில் மீன்கள் எவ்வாறு பிழைத்தன? செடி ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டது. மற்றொரு பகுதியைச் செரித்தவர் யார்?

இதற்கு விடை காண உதவியவர் அவருடைய மகனே. அவர் பெயரும் இராபர்ட் வாரிங்டன்தான். 1838-இல் பிறந்த அச்சிறுவன் உடல் மெலிந்தவனாக இருந்ததால் பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே கற்றான். தந்தையின் ஆய்வுக்கூடமே அவனுக்குப் பள்ளி. தங்கமீன்கள் பாத்திரத்தில் விடப்பட்டபோது அவனுக்குப் பத்து வயது. அந்தப் பச்சை நீர் தெளிந்ததை அவன் அருகிருந்து பார்த்திருப்பான் என்று கொள்வதில் தவறில்லை.

மகன் வளர்ந்து ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிரற்ற இரசாயன மாற்றமன்று, நுண்ணுயிர்களின் வேலை என்று 1877-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர் காட்டினர். இளைய வாரிங்டன் அதை உறுதிப்படுத்தினார். அது இரண்டு படிகளில் நடக்கிறது என்பதையும் கண்டார். முதலில் அமோனியா நைட்ரைட்டாகிறது, பிறகு நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. இரண்டையும் செய்வன வெவ்வேறு உயிர்கள். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவர் பல ஆண்டுகள் பாடுபட்டும் கைகூடவில்லை. 1890-இல் இரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அதைச் சாதித்தார். மண்ணில் உள்ள அதே இன நுண்ணுயிர்கள் குளத்துச் சேற்றிலும், தொட்டியின் மணலிலும், கல்லிலும், இலைகளின் மேலும் ஒட்டி வாழ்கின்றன. கடையில் விற்கும் வடிகட்டியின் பஞ்சு அழுக்கைப் பிடிப்பதோடு இந்த நுண்ணுயிர்களுக்குக் குடியிருப்பாகவும் இருக்கிறது. மணலும் செடியும் போதிய அளவு இருந்து மீன்கள் சிலவே இருக்குமானால், அந்தக் குடியிருப்பு வடிகட்டி இல்லாமலே அமைந்துவிடுகிறது.

விடுமுறையில் இப்படியொரு தொட்டி வைக்க விரும்பும் சகோதரிகளுக்கு நாம் அறிந்ததைச் சொல்கிறோம். அகன்ற வாயுள்ள கண்ணாடித் தொட்டியே நல்லது, காற்றுப் படும் பரப்பு அதில் அதிகம். அடியில் எருவோ பூச்சிமருந்தோ படாத தோட்டத்து மண்ணை ஓர் அங்குலம் பரப்பி, அதன்மேல் கழுவிய ஆற்று மணலை இடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பும் கிளிஞ்சலும் அதில் கலந்திருக்கும். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வையுங்கள். செடியை முதலில் நெருக்கமாகவே நடுங்கள். குளத்துச் செடியோடு நத்தைகளும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற தண்ணீர்ப் பூச்சிகளும் தாமே வந்து சேரும், அவற்றைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். அவை பாசியையும் நுண்ணுயிரையும் தின்று பெருகி மீனுக்கு இரையாகும். காலை வெயில் சிறிது நேரம் பட்டால் போதும், நாள் முழுதும் பட்டால் நீர் சூடேறிப் பச்சையாகிவிடும்.

மீனை உடனே விடக் கூடாது. இதில்தான் நம் பொறுமை சோதிக்கப்படுகிறது. நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். பிறகு இரண்டு மூன்று சிறு கப்பி மீன்களை விடலாம். வெறும் செடியும் நீருமாக இருக்கும் நாட்களில் கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் மூடி வைப்பது அவசியம். மீன் வந்தபின் கொசுப்புழு ஒன்றுகூட மிஞ்சாது. இரவில் செடியும் பிராணவாயுவை உட்கொள்ளும். ஆகையால் மீன்கள் மிகுந்தால் விடியற்காலையில் அவை மேலே வந்து வாய் திறந்து திணறும். அப்போது செய்ய வேண்டியது மீனைக் குறைப்பதே. குறைத்த மீனைக் கொண்டுபோய்க் கழுவேலியிலோ கால்வாயிலோ விடக் கூடாது. கப்பி அயல்நாட்டு மீன், அங்கே பெருகினால் நம் மீன்களின் குஞ்சுகளைத் தின்னும். தோழிக்குக் கொடுங்கள்.

கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் நன்னீரும், பிறகு எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே உப்புநீரும் கலக்கும் அந்த ஏரிக்குப் பூநாரைகள் வருவது அழகு பார்க்க அன்று. ஆழமற்ற நீரில் பாசி வளர்கிறது, பாசியைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைச் சலித்து உண்ணவே பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் விடுகிறது. சேற்றில் ஊரும் நண்டும் நத்தையும் கழிவைத் தின்று தீர்க்கின்றன. அந்தச் சேற்றை அருவருத்து, குப்பை கொட்டி மேடாக்கத் தக்க இடம் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். ஐந்தாறு நத்தைகள் இல்லாததால் ஒரு தொட்டி எப்படி நாறத் தொடங்கியது என்பதை அவர்கள் கேட்டறிந்தால் நல்லது.

வாரிங்டன் குடும்பத்தின் கதை இரண்டு தலைமுறையோடு முடியவில்லை. இளைய வாரிங்டனுக்கு 1897-இல் கேத்தரின் என்ற மகள் பிறந்தாள். தந்தை 1907-இல் இறந்தபோது அவளுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. தாவர இயல் கற்றுப் பட்டம் பெற்று, தந்தை பணியாற்றிய அதே ராதம்ஸ்டெட்டில் கேத்தரின் ஆராய்ச்சியாளரானார். போரான் என்னும் தனிமம் சிறிதும் இல்லாத நீரில் அவரைச் செடிகளை வளர்த்துப் பார்த்து, அவை நுனி கருகி வாடுவதைக் கண்டார். அணுவளவு போரான் இன்றிச் செடி வாழாது என்று 1923-இல் வெளியிட்டார். பாட்டனார் கண்ணாடிப் பாத்திரத்தில் நட்ட வாலிஸ்நேரியாவும் அந்த அணுவளவை எங்கிருந்தோ, பெரும்பாலும் அடியில் இட்ட சேற்றிலிருந்து, பெற்றிருக்க வேண்டும். கேத்தரின் அம்மையார் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் வாழ்ந்து 1993-இல் மறைந்தார். அந்தப் போரான் கடல்நீரில் லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் அளவில் கரைந்திருக்கிறது. உப்பு விளைந்தபின் நம் பாத்திகளில் மிஞ்சும் கசப்பு நீரில் அது இன்னும் செறிவாக உண்டு.